நனைந்த மைக்கும் அவசரக் கையும்

ஜவ்வாது மலையில் மழை பெய்யும் விதமே தனி. சமவெளியில் மழை மேலேயிருந்து கீழே விழுகிறது. அத்துடன் அதன் வேலை முடிந்தது. மலையிலோ அது நான்கு திசைகளிலிருந்தும் வருகிறது. சில சமயம் பள்ளத்தாக்கிலிருந்து மேகமாக ஏறி வந்து, வாசற்படியைத் தாண்டி, அழையாத விருந்தாளியைப் போல் கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஜமுனாமரத்தூரிலோ அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ இரண்டு நாள் தங்கிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். துவைத்த வேஷ்டி உலர மறுக்கும். தீக்குச்சி பற்ற மறுக்கும். ஜாடியிலுள்ள உப்பு கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த ஈரத்தின் நடுவே மிகவும் தவிக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் மைக் செட். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலையூர்கள் மேட்டுக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கோயில் திருவிழாவானாலும், கல்யாணமானாலும், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவானாலும், ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழாவானாலும், பேசுகிறவர் குரல் பத்து வீடுகளுக்கு அப்பால் எட்ட வேண்டுமானால் ஒலிபெருக்கி வந்தாக வேண்டும். போளூரிலிருந்து மலைப் பாதையில் சுமார் 40 கிலோமீட்டர் ஏறியோ, ஆலங்காயம் பக்கத்திலிருந்து வளைந்து நெளிந்தோ, ஒரு சிறு வண்டியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அது வந்து சேருகிறது. அந்த வண்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மொத்த மூலதனம். அது கடன் வாங்கிச் சேர்த்த மூலதனமாகவும் இருக்கக்கூடும். வழியில் ஒரு மழை, அல்லது பந்தலின் மேல் தேங்கிய நீர் திடீரென்று சரிந்து ஒரு கொட்டு. மூலதனம் முழுவதும் நனைந்து போகிறது.

மழை எவ்வளவு பெய்துவிடும் என்று சிலர் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிற்று. கடற்கரையோடு நில்லாமல் அது உள்நாட்டுக்குள் நகர்ந்தது. ஜவ்வாது மலைக்குத் தெற்கேயுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு ஏழு உயிர்களைப் பலி கொண்டன. தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்களில் வீடும் கடையும் நீரில் நின்றன. அத்தகைய நாட்களில் அரிசியையும் ஆடு மாடுகளையும் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பிழைப்பு என்ற ஒன்று இருக்கிறதல்லவா? தையற்காரருக்குத் தையல் இயந்திரம் எப்படியோ, அப்படித்தான் மைக் செட்டுக்காரருக்கு அவருடைய பெட்டிகள்.

நேயர்களில் சிலர் இந்த இடத்தில் புன்னகை புரிவது நமக்குத் தெரிகிறது. "ஒலிபெருக்கி நனைந்தால் நனையட்டுமே! ஊர் நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கும்" என்று அவர்கள் நினைக்கிறார்கள். மார்கழி மாதத்து விடியற்காலையில் கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிர் வீட்டில் குடியிருந்தவர்கள் அப்படி நினைப்பதை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் இன்று ஒலிக் கருவி இல்லாத வீடு ஏது? பாட்டுப் பயிலும் பெண்ணின் சிறு மைக், தாத்தாவின் டேப் ரிக்கார்டர், பையனின் கைப்பேசி, பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்து வைத்த பழைய காஸெட் என்று ஏதாவது ஒன்று எல்லா வீடுகளிலும் இருக்கிறது. கூரை ஒழுகுவதற்கு ஜவ்வாது மலைதான் வேண்டுமென்பதில்லை. ஆகவே இது எல்லோருக்கும் உரிய விஷயமே.

இதில் நாம் சொல்ல விரும்பும் உண்மை ஒன்றுதான். நனைந்த கருவிகளில் பெரும்பாலானவற்றை நீர் கொல்வதில்லை. நனைந்த பிறகு மனிதன் படும் அவசரம்தான் கொல்கிறது. "கெட்டுப் போயிற்றா, இல்லையா, ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துவிடுவோம்" என்று விசையைத் தட்டும் விரல்தான் எமன். மழை விட்டுவைத்ததை அந்த விரல் முடித்துவிடுகிறது. அவசரத்தை அடக்கிக்கொள்ள ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் உயிர், அடுத்தது குரல், மூன்றாவதாகக் கருவி. இந்த வரிசையை மாற்றினால் நஷ்டம்.

முதலில் உயிர்

மேடை நனைந்திருக்கிறது, மைக் பிடித்திருப்பவர் கை நனைந்திருக்கிறது, காலில் செருப்பில்லை. ஆம்பிளிபயருக்கு மூன்று முள் செருகியில் எர்த் ஒயர் கழற்றிவிடப்பட்டிருக்கிறது, அல்லது அந்த ஊர் இணைப்பில் எர்த் என்பதே இல்லை. இந்த நிலையில் மின்சாரம் உலோக உறைக்கு வந்துவிட்டால், அது ஒயர் வழியாக மைக்குக்கு வரும். மைக்கிலிருந்து மனிதனுக்குள் போகும். 1972-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டு சுவான்ஸீ நகரத்து மேடை ஒன்றில் லெஸ் ஹார்வி என்னும் கித்தார் கலைஞர், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு, சபையோர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மாண்டு போனார். புகழ் பெற்ற இசைக் குழுவுக்கே அந்தக் கதி என்றால், கார்த்திகை மழையில் வயற்காட்டில் போட்ட பந்தலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஆகையால் மழை உள்ளே வந்தவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம் மெயினை நிறுத்துவது. நனைந்த பெட்டியின் விசையைத் தேடிப் போக வேண்டாம். தொலைவில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் செருகியைப் பிடுங்க வேண்டும். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் நாம் அணுகாமல் மின்வாரியத்தாருக்குச் சொல்லி அனுப்புவதே புத்தி. செருகியைப் பிடுங்கிய பிறகும் ஆம்பிளிபயரின் மூடியை உடனே திறக்கக் கூடாது. அதனுள் உள்ள கண்டென்ஸர்கள், தயிர்ப் பானை குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருப்பது போல, மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேரே திருத்தி உபயோகிக்கும் புது மாதிரிப் பெட்டிகளில் அங்கே 325 வோல்ட் வரையில் நிற்கும். அதை இறக்கத் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும்.

இன்னொரு அபாயம் பாட்டரி. கம்பியில்லா மைக்குகளிலும் தூக்கிச் செல்லும் ஸ்பீக்கர்களிலும் பாட்டரி உள்ளேயே இருக்கிறது. விசையை அணைத்துவிட்டால் அது தூங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம், அது விழித்துக்கொண்டேயிருக்கிறது. கழற்றக் கூடியதானால் முதல் நிமிஷத்திலேயே கழற்றிவிட வேண்டும். லிதியம் பாட்டரி நனைந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ அதற்கு மறுபடியும் சார்ஜ் ஏற்றுவது கூடவே கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியக் கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் புதியது வாங்குவதே உத்தமம். இரு நூறு ரூபாய்ப் பாட்டரியைக் காப்பாற்றப் போய் வீட்டைப் பறிகொடுப்பதில் என்ன லாபம்?

அடுத்தது குரல்

மைக் போனால் கடையில் வேறு மைக் கிடைக்கும். மறைந்து போன பாட்டியின் குரல் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆகவே உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனவுடன் தேட வேண்டியது, பதிவுகள் இருக்கும் பொருள்களைத்தான். காஸெட், நாடாச் சுருள், மெமரி கார்டு, பென் டிரைவ், கணிப்பொறியின் வட்டு ஆகியவற்றை ஒன்று திரட்ட வேண்டும். மலைகளில் எழுத்தில் ஏறாத பாட்டும் கதையும் இன்னமும் மனிதர் வாயில் இருக்கின்றன. அவற்றை யாராவது ஒரு பள்ளி ஆசிரியரோ மாணவரோ பதிவு செய்திருந்தால், பாடியவர் காலமான பிறகு அந்தக் காஸெட்டுக்கு விலை சொல்ல முடியாது.

இங்கேதான் நம் சாதாரண அறிவுக்கு மாறான ஒரு விஷயம் வருகிறது. சேற்று நீரில் விழுந்த நாடாவை அவசரமாக உலர்த்தக் கூடாது! சேறு உலர்ந்தால் சுற்றுக்குச் சுற்று பசை போட்டது போல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது பதிவுப் பூச்சு உரிந்து வரும். ஆகவே நாடா ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் அலம்ப வேண்டும். கடைசி அலம்பலுக்கு டிஸ்டில்டு வாட்டர் நல்லது. பாட்டரிக்கு ஊற்றுவதற்கென்று இன்வெர்ட்டர் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் விற்கிறார்களே, அந்த நீர்தான். இரண்டொரு நாளுக்குள் நிபுணரிடம் கொண்டு போக முடியுமானால், ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். முடியாவிட்டால், திருகாணி வைத்த காஸெட்டைத் திறந்து, சுருள்களை நிழலில் நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, வேறொரு சுத்தமான கூட்டில் மாற்ற வேண்டும். நன்றாக உலர்ந்த பின் ஒரே ஒரு முறை ஓடவிட்டு, அப்போதே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் வைத்தால் நாடா சுருங்கி நெளிந்துவிடும்.

"நனைந்ததை நனைந்தபடியே வைப்பதாவது!" என்று வியப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 2009-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்தது. அதன் பதிவுப் பெட்டிகள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடந்து, 2011-ஆம் ஆண்டு மே மாதம் மேலே வந்தன. அப்படிக் கடலிலிருந்து எடுக்கும் பெட்டிகளைத் துடைத்துக் காய வைப்பது வழக்கமில்லை. நீரில் மூழ்க வைத்தபடியேதான் ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டு போகிறார்கள். காற்றுப் பட்டு உலரும் வேளையில்தான் உப்பு தன் கைவரிசையைக் காட்டும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். அந்தப் பெட்டிகளிலிருந்த விமானிகளின் பேச்சு வெற்றிகரமாக மீட்கப்பட்டது. கணிப்பொறியின் சுழல் வட்டுக்கும் இதே நியாயம்தான். விசை போடாமல், காய வைக்காமல், ஈரத் துணியில் சுற்றிப் பையில் கட்டி, தரவு மீட்கும் நிபுணரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மெமரி கார்டும் பென் டிரைவும் இவ்வளவு செல்லம் கொண்டாடுவதில்லை. நல்ல நீரில் அலம்பி இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு கருவி

இனி மைக் செட்டுக்கு வருவோம். நீர் ஏன் மின் கருவிக்குப் பகை என்பதை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். முற்றிலும் தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் மேடையில் வழிந்து வரும் நீரிலும் வெள்ளத்திலும் உப்பும் மண்ணும் சாக்கடையும் கலந்திருக்கின்றன. அது மின்சாரத்துக்கு ராஜபாட்டை. கருவிக்குள் அந்த நீர் இருக்கையில் விசையைத் தட்டினால், போகக் கூடாத இடத்தில் மின்சாரம் போகிறது. அத்துடன் செம்பும் ஈயமும் அந்த நீரில் கரையத் தொடங்குகின்றன. பழைய செப்புப் பாத்திரத்தில் பூக்கும் பச்சைக் களிம்பு நமக்குத் தெரியும். அங்கே மாதக் கணக்கில் நடப்பது, மின்சாரம் பாயும் சர்க்யூட் பலகையில் மிக விரைவிலேயே நடந்துவிடுகிறது. தலைமயிர் போன்ற செப்புக் கோடு அறுந்து போகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் இந்த அரிப்பு மெதுவாக நடக்கும். நமக்கு அவகாசம் கிடைக்கும். அவகாசம்தான் இங்கே மருந்து.

ஆகவே வைத்தியம் மூன்று படிகள்: விசையைப் போடாதிருத்தல், அழுக்கை நல்ல நீரால் அலம்பி வெளியேற்றுதல், மெதுவாக உலர்த்துதல். நல்ல மழை நீர் மட்டும் பட்டிருந்தால் இரண்டாவது படி வேண்டியதில்லை. சேறு பட்டிருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. சேற்றோடு உலர்ந்த பலகை, மறுபடி காற்றில் ஈரம் ஏறும் ஒவ்வொரு நாளும் மறுபடி அரிக்கத் தொடங்கும். ஜவ்வாது மலையில் அத்தகைய நாட்களுக்குப் பஞ்சமில்லை.

உலர்த்துவதில் இரண்டு மூட நம்பிக்கைகள் வழங்குகின்றன. ஒன்று அரிசி மூட்டை. நனைந்த பொருளை அரிசிக்குள் புதைத்தால் அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். திறந்த வெளியில் காற்றோட்டத்தில் வைப்பதைவிட அது மேலானதாக இல்லை. அரிசித் தவிடும் மாவும் உள்ளே புகுந்து வேறு உபத்திரவம் செய்யும். ஆப்பிள் கம்பெனியாரே 2024-ஆம் ஆண்டில், நனைந்த கைப்பேசியை அரிசியில் வைக்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். அரிசி சாதம் வடிப்பதற்கே இருக்கட்டும். மற்றொன்று, தலைமயிர் உலர்த்தும் சூட்டுக் காற்றை ஊதுவது. அது மேலே உள்ள நீரை இன்னும் உள்ளே தள்ளும். மெல்லிய சவ்வுகளைச் சுருக்கிவிடும். நிழல், மின்விசிறி, திறந்த மூடி, பொறுமை ஆகிய நான்கும் போதும். வெளியே மூடுபனி கவிந்திருக்கையில் ஜன்னலைத் திறந்து வைத்து உலர்த்துவதும் வீண். அப்போது அறையை மூடிக்கொள்வதே சரி. மலையில் உலரவில்லையென்றால் கீழே போளூருக்கோ திருப்பத்தூருக்கோ கொண்டு வந்து உலர்த்துவது நல்லது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கையில் பிடித்துப் பேசும் பந்துத் தலை மைக் பெரும்பாலும் டைனமிக் என்னும் வகை. ஷூர் கம்பெனியார் 1966-இல் வெளியிட்ட எஸ்.எம்.58 என்னும் மைக்கும், அதைப் பார்த்துச் செய்த ஆயிரம் வகைகளும் இந்த ஜாதி. இதனுள் மெல்லிய சவ்வும், அதனுடன் ஒட்டிய கம்பிச் சுருளும், சுற்றிலும் காந்தமும் இருக்கின்றன. முரட்டு ஜாதி, எளிதில் சாகாது. தலையிலுள்ள வலைப் பந்தைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சையும் சேர்த்துச் சோப்பு நீரில் கழுவலாம். சவ்வு இருக்கும் பகுதியை விரலால் தொடாமல் தலைகீழாகப் பிடித்து நீரை வடியவிட வேண்டும். சேறு புகுந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரை மெல்லச் சொட்டவிட்டு அலம்பலாம். வாயால் ஊதுவதும் காற்றுப் பம்பு வைத்து அடிப்பதும் கூடாது. இரண்டு மூன்று நாள் தலைகீழாக நிற்கட்டும். பிறகு குரல் தெளிவாக வந்தால் பிழைத்தது. கரகரவென்றால் காந்த இடுக்கில் துருவோ மண்ணோ புகுந்திருக்கிறது. உள் பகுதியை மாற்றிவிடலாம்.

கண்டென்ஸர் மைக் வேறு ஜாதி. பாட்டுப் பதிவு செய்யும் இடங்களில் உள்ளது இது. இதன் சவ்வின் கனம் சில மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் மேல் பொன் பூச்சு. மேடைப் பலகையிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் இதற்கு ஒயர் வழியாகப் போகிறது. ஈரக் காற்று பட்டாலே படபடவென்று பொரியும் இயல்புடையது. இதை நீரில் அலம்புவதோ, ஸ்பிரிட் தடவுவதோ, திறந்து துடைப்பதோ கூடாது. 48 வோல்ட் விசையை அணைத்து, ஒயரைக் கழற்றி, சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். வெறும் ஈரக் காற்றினால் வந்த கோளாறானால் ஓரிரண்டு நாளில் அது தானே தெளியும். நீரே உள்ளே போயிருந்தால் நேரே நிபுணரிடம் போக வேண்டும். ரிப்பன் மைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதிலுள்ள அலுமினிய இழை ஒரு மூச்சுக் காற்றில் கிழிந்துவிடும்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரத்தில் நமுத்த அப்பளம் போலிருக்கும். தொட்டால் குழி விழும். பெட்டியிலிருந்து திருகாணி கழற்றி, மல்லாக்க வைத்து, நிழலில் ஒரு வாரம் விட வேண்டும். உலர்ந்த பிறகு நான்கு விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தால், உரசும் சப்தம் இல்லாதிருக்க வேண்டும். உரசினால் புதிய கூம்பும் காயிலும் போட்டுத் தரும் மெக்கானிக்குகள் எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கிறார்கள். கூம்பு ஒலிபெருக்கியின் யூனிட்டுக்கு டயப்ரம் தனியே கிடைக்கிறது; அதை மாற்றுவது சுலபம். பெட்டி ஒட்டுப் பலகையானால் தாங்கும். மரத்தூள் பலகையானால் டீயில் விழுந்த பிஸ்கோத்தைப் போல் உப்பி உதிரும், அதற்கு மருந்தில்லை. ஒயர்களின் விஷயத்தில் ஏமாறக் கூடாது. மேலே உலர்ந்திருக்கும், உள்ளே பின்னிய செம்பு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் நீரை இழுத்து வைத்திருக்கும். பின்களைத் திறந்து பார்த்து, கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பற்ற வைப்பதே வழி.

ஆம்பிளிபயரையும் மிக்ஸரையும் வீட்டில் வைத்தியம் பார்ப்பது தகாது. டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளுக்கிடையே உள்ள காகிதம் குடித்த நீர் வெளியேற வாரக் கணக்கில் ஆகும். மெக்கானிக் மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதும் நேரே கொடுக்காமல் சீரிஸ் போர்டு வழியாக, இடையில் ஒரு பல்பை வைத்துக் கொடுப்பார். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம். விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். ஐம்பது ரூபாய் பல்பு, ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டிக்குக் காவல் நிற்கிறது!

இவ்வளவு செய்தும் சில பிழைப்பதில்லை. அமெரிக்காவில் சங்கீதத்துக்குப் பேர் போன நாஷ்வில் நகரத்தில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் கம்பர்லாந்து நதி பெருகி, கலைஞர்கள் தங்கள் வாத்தியங்களையும் ஒலிக் கருவிகளையும் வைத்திருந்த பெரிய கிடங்கில் புகுந்தது. வின்ஸ் கில், பிராட் பெய்ஸ்லி முதலிய பிரபலஸ்தர்களின் கருவிகளும் அதில் மூழ்கின. அந்நகரத்து சிம்பனி மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு ஸ்டைன்வே பியானோக்கள் பாழாயின. செல்வம் மிகுந்த தேசத்திலும் நதிக்குத் தாட்சண்யம் இல்லை. அவர்களுக்கும் நமக்கும் பாடம் ஒன்றே: தரையில் வைக்காதே, தாழ்ந்த இடத்தில் வைக்காதே.

வருமுன் காப்பதற்கு வழியை ஜவ்வாது மலையே காட்டுகிறது. கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே, இம்மலையின் காவலூரில், வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-இல் அந்த விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பட்ட தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலமுள்ளது. வானைப் பார்ப்பதற்கென்றே அமைந்த கருவிதான். ஆயினும் காற்றில் ஈரம் மிஞ்சிய இரவுகளில் விதானத்தைத் திறப்பதில்லை. எத்தனை நட்சத்திரங்கள் காத்திருந்தாலும் சரிதான்! கருவியைப் போற்றுகிறவர்களின் இலக்கணம் அதுவே. மைக் செட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாதா? பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல். மேலே தார்ப்பாய்க்குக் கீழே தனியாக ஒரு பாலிதீன் உறை. மைக் டப்பாவில் சிலிகா ஜெல். அது நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போட்டுக்கொள்வது. பதிவுகளுக்கு இரண்டு நகல், இரண்டு ஊர்களில். செலவு மிகச் சொற்பம்.

கடைசியாக, விழா நடத்தும் கமிட்டியார்களுக்கு ஒரு வார்த்தை. நாம் முன்னே சொன்ன அவசர விரல் பெரும்பாலும் மைக் செட்டுக்காரருடையதன்று. பொருளின் அருமை அவருக்குத் தெரியும். மழை விட்டுப் பத்து நிமிஷம் ஆவதற்குள், "என்ன அண்ணே, தலைவர் வந்துவிட்டார், இன்னுமா போடவில்லை? பரவாயில்லை, போடுங்கள்!" என்று அவரைச் சுற்றி நின்று நெருக்குகிறவர்கள் நாம்தான். பெட்டி புகைந்தால் தலைவர் காரில் ஏறிப் போய்விடுவார்; நாம் வீட்டுக்குப் போய்விடுவோம்; கடன் மட்டும் அவருடன் மலையிறங்கிப் போகும். பாதி வாடகையையும் பிடித்துக்கொள்ளும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் இந்த நாட்டில் கூட்டங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான ஜனங்கள் அமைதியாக இருந்து காது கொடுத்துக் கேட்டார்கள். சிகாகோ ரேடியோ என்று பெயர் பொறித்த மைக்கின் முன் காந்திஜி அமர்ந்திருக்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். பம்பாய் நகரத்து மோட்வானி குடும்பத்தார், தேச சேவையாக எண்ணிக் காங்கிரஸ் மாநாடுகளுக்கு அமைத்துக் கொடுத்த கருவிகள் அவை. மைக் வந்த பிறகு நம் குரல் பெரிதாயிற்று. பொறுமை மட்டும் சிறிதாகிவிட்டது. மழை பெய்த மாலையில் தலைவர் மைக் இல்லாமல் இருபது நிமிஷம் பேசட்டும்; முன் வரிசைக்காரர்கள் கேட்டுப் பின் வரிசைக்குச் சொல்லட்டும். அல்லது விழாவை மறு நாளைக்கு ஒத்திப் போடட்டும். சாமை கதிர் முற்றக் காத்திருக்கத் தெரிந்த மலை மக்களுக்கு இது புதிய பாடமில்லை. கீழேயிருந்து ஏறிச் செல்லும் நாம்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.